அபுதாபிக்கு வந்த டைல்ஸ் அடுப்பும் அம்மாவின் இரண்டரை மணியும்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரம், தூரம், செலவு எல்லாம் அன்றைக்கே நோட்டில் குறித்து வைத்தவை. ஒரு இடத்தில் நான் நடந்துகொண்ட விதம் எனக்கே பிடிக்கவில்லை. "அத விட்டுட்டு எழுது மக்ளே, அடுப்பப் பத்தி மட்டும் எழுது" என்று அப்பா சொன்னார். அதை விட்டால் அடுப்பைப் பற்றியும் உண்மையாக எழுத முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் துபாயில், அல் குசைஸில் இருக்கிறோம். நான் ஒன்பதாம் வகுப்பு. அப்பா ஏசி டெக்னீஷியன். அம்மா நர்ஸ். பத்து வருடம் இங்கே ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தாள். டியூட்டி முடிந்து வந்து ஒன்றரை வருடம் ஜெர்மன் படித்தாள். வார்த்தை அட்டைகளைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டது நான்தான், அதனால் எனக்கும் கொஞ்சம் வரும். இந்த மே மாதம் அம்மா ஜெர்மனிக்குப் போனாள். அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை, நர்ஸ்களுக்கான கட்டிடத்தில் ஒற்றை அறை. இரண்டு அறை உள்ள வீடு கிடைத்தால்தான் எங்கள் விசாவுக்கு மனு போட முடியும். வீடு இன்னும் கிடைக்கவில்லை. எந்த ஊர் என்று எழுத வேண்டாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். தெற்கு ஜெர்மனி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த ஊரில் ஜெர்மானியர்களின் பண்பாட்டு வரலாற்றுக்கென்றே ஒரு மிகப் பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது. அம்மா தினமும் அதைத் தாண்டித்தான் டியூட்டிக்குப் போகிறாள். நான்கு மாதம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். செப்டம்பரில் ஒரு ஆஃப் நாளில் உள்ளே போய், எனக்காக நாற்பத்தொரு புகைப்படம் எடுத்து அனுப்பினாள். வாள்கள், வீணை மாதிரியான வாத்தியங்கள், பூ வரைந்த பீரோக்கள். அதில் ஒரு படத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. சுவரை ஒட்டி ஒரு வெறும் மேடை, அதன்மேல் ஒரு சின்ன அட்டை. "இத ஏன் எடுத்த?" என்று கேட்டேன். "இதுல அபுதாபின்னு எழுதியிருக்கே, நீயே பெருசாக்கிப் படி" என்றாள்.

படித்தேன். அந்த மேடையில் நிற்க வேண்டிய அடுப்பு, வேறு சில பொருட்களோடு ஒரு கண்காட்சிக்காக அபுதாபி போயிருக்கிறது என்று போட்டிருந்தது.

அம்மா அங்கே போயிருக்கிறாள், அங்கே இருக்க வேண்டிய அடுப்பு இங்கே வந்திருக்கிறது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அந்த அடுப்புக்கு முன்னால் நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும். மே மாதத்திலிருந்து நானும் அம்மாவும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் பார்த்ததே இல்லை. அவள் அனுப்பும் படத்தை நான் பிறகு பார்க்கிறேன். நான் அனுப்புவதை அவள் டியூட்டி முடிந்து பார்க்கிறாள்.

அப்பாவுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு, அக்டோபர் முழுக்க ஓவர்டைம் வந்துவிட்டது. தப்பித் தவறிக் கிடைத்தது மாதத்தின் கடைசி ஞாயிறு. கண்காட்சிக்கும் அதுதான் கடைசி நாள். அம்மாவுக்குக் காலை டியூட்டி, அவர்கள் நேரப்படி மதியம் இரண்டரைக்கு முடியும். இங்கே அதோடு இரண்டு மணி நேரம் கூட்ட வேண்டும். அதாவது மாலை 4.30. கண்காட்சி ஆறு மணி வரை. தாராளமாக நேரம் இருக்கிறது என்று நினைத்தோம்.

காலை 9.10க்கு வீட்டைப் பூட்டினோம். அல் குசைஸ் மெட்ரோவுக்கு நடந்து 12 நிமிடம். பச்சை லைனில் ஏறி புர்ஜுமானில் இறங்கி, சிவப்பு லைனுக்கு மாறி, இப்ன் பதூதா வரை போனோம். அப்பாவுக்கு ஏழரை திர்ஹம், மாணவர் அட்டை இருப்பதால் எனக்குப் பாதி. மாணவர் அட்டை எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள், ஒரு புகைப்படமும் கொஞ்சம் பொறுமையும் போதும். மெட்ரோவில் ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. பெண்கள் பெட்டியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஆனால் அப்பா தனியாக நிற்பார் என்று நான் ஏறவில்லை.

இப்ன் பதூதாவிலிருந்து அபுதாபிக்கு E101 பேருந்து. ஆளுக்கு 25 திர்ஹம், ஏறக்குறைய 110 கிலோமீட்டர். 11.00க்குப் புறப்பட்டது, 12.45க்கு அபுதாபி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் கடல் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மணலும் மின் கம்பங்களும்தான். நான் ஜெர்மன் வார்த்தைகளை நோட்டில் எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பா தூங்கினார். தூக்கத்திலும் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், ஏனென்றால் அன்றைக்கு அது எங்களுக்கு அவ்வளவு முக்கியம். இங்கே எல்லா ஆப்பிலும் கால் பேச முடியாது, நாங்கள் மாதக் கட்டணம் கட்டி ஒன்று வைத்திருக்கிறோம். சார்ஜ் 94 சதவீதம் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மலையாளி கடையில் மீன் குழம்புச் சாப்பாடு, ஆளுக்கு 14 திர்ஹம். பிறகு டாக்ஸி. சிட்டி பஸ்ஸும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை என்பதால் காத்திருக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. டிரைவர் பெஷாவர்க்காரர், தாடிக்கு மருதாணி போட்டிருந்தார். இந்தியில் பேசினார்கள். எனக்குப் புரிந்ததைத் தமிழில் தருகிறேன்.

"மியூசியத்தில் என்ன பார்க்கப் போகிறீர்கள் பாய்?"

"அடுப்பு."

"என்ன அடுப்பு?"

"ஜெர்மனி அடுப்பு. வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு."

டிரைவர் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "துபாயிலிருந்து அடுப்பு பார்க்கவா வந்தீர்கள்? ஜூலை மாதம் என் வண்டியில் ஏறுங்கள் பாய், இலவசமாகக் காட்டுகிறேன்."

அப்பா சிரித்த சிரிப்பில் சீட் ஆடியது. அவர் ஜூலை மாதம் மொட்டை மாடிகளில் வேலை செய்கிறவர். 14 கிலோமீட்டர், 20 நிமிடம், 31 திர்ஹம். 2.05க்கு இறங்கினோம்.

டிக்கெட் பெரியவர்களுக்கு 40 திர்ஹம், பதினெட்டு வயதுக்குள் இலவசம். பையை லாக்கரில் வைக்க வேண்டும், நோட்டும் பென்சிலும் கொண்டுபோகலாம், பேனா கூடாது. புகைப்படம் எடுக்கலாம், ஃபிளாஷும் வீடியோவும் கூடாது. எல்லாப் பொருளுக்கும் அரபி, ஆங்கிலம், ஜெர்மன் மூன்றிலும் விளக்கம் இருக்கிறது. ஜெர்மனில் முதலில் படித்து, ஆங்கிலத்தில் சரிபார்த்தேன். பத்துக்கு ஆறு சரியாக வந்தது.

மொத்தம் ஐந்து கூடங்கள். முதல் கூடத்தில் பூட்டும் சாவியும். ஒரு சாவி என் முழங்கை நீளம். இரண்டாவதில் நடந்தே யாத்திரை போனவர்களின் செருப்பு, தொப்பி, மடக்குக் கரண்டி. செருப்பின் குதிகால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது, அதைப் பார்த்ததும் இவர் சாய்ந்து நடப்பவர் என்று தெரிந்துவிட்டது. நானூறு வருடத்துக்கு முந்தைய ஒருவர் எப்படி நடந்தார் என்று எனக்குத் தெரிவது விசித்திரமாக இருந்தது. மூன்றாவதில் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கான மர அச்சுகள். அப்பா எந்தக் கூடத்துக்குப் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்த்தார். "காத்து எங்க இருந்து வருகுன்னே தெரியல பாரு. இதாக்கும் வேலை" என்றார்.

நான்காவது கூடத்தில், 3.10க்கு, அடுப்பைப் பார்த்தோம்.

இதற்கு ஜெர்மனில் காஹெல்ஓஃபன் என்று பெயர், டைல்ஸ் அடுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். நானூறு வருடப் பழசு என்று அட்டையைப் பார்த்து அப்பாவிடம் சொன்னேன். அப்பாவைவிட இரண்டு முழம் உயரம். கரும்பச்சை நிறம், ஈரமாக இருப்பது போன்ற பளபளப்பு. ஆறு சின்ன சிங்கங்களின் முதுகில் நிற்கிறது. முன்பக்கம் மட்டும் எண்ணினேன், 22 டைல்ஸ். ஒவ்வொன்றிலும் பைபிள் கதை ஒன்று புடைப்பாகச் செய்திருக்கிறது. துண்டு துண்டாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே அடுக்கியிருக்கிறார்கள். நான் அம்மாவின் படத்தில் இருந்த வெறும் மேடையை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தேன். அங்கே இல்லாதது அவ்வளவும் இங்கே இருந்தது.

அப்பா பைபிளையும் சிங்கத்தையும் விட்டுவிட்டு நேராக அடுப்பின் பின்னால் போனார். கூடத்தின் நடுவில் வைத்திருப்பதால் சுற்றி வர முடியும். பின்பக்கம் வளைவான ஒரு கறுப்பு ஓட்டை.

"மக்ளே, இங்க வா! இது ஸ்பிளிட் ஏசியாக்கும்!"

"மெதுவாப் பேசுங்கப்பா."

"இல்ல, பாரேன். முன்னால கதவே கெடையாது. தீ போடுற வாய் பின்னால இருக்கு. அப்போ நடுவுல செவரு. செவத்துக்கு அந்தாண்ட அடுக்களைல தீ, இந்தாண்ட ரூமுக்குள்ள சூடு. புகை வராது, சாம்பல் வராது. நம்ம அவுட்டோர் யூனிட்ட வெளிய மாட்டுகோம்லா, அதே யோசனை. நானூறு வருசத்துக்கு முந்தி!"

விளக்க அட்டையில் அதுவேதான் இருந்தது. அப்பா அட்டையைப் படிக்கவில்லை, ஓட்டையைப் பார்த்தே சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

"அண்ணை ஏசி வேலையோ?" என்று பின்னால் ஒரு குரல். கூடத்தின் காவலாளி. கறுப்புச் சீருடை, காதில் வயர், முப்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் சுகந்தி.

"ஆமா. நீங்க நம்ம ஆளா?"

"நம்மட ஆள்தான். மூண்டு மாசமா நான்தான் இந்த அடுப்புக்குக் காவல். ஆரும் இதுக்குள்ள இப்பிடித் தலைய விட்டுப் பாக்கேல்லை." அப்பா சட்டென்று தலையை எடுத்தார். சுகந்தி அக்கா சிரித்தார். "அண்ணை, ஒண்டு கேக்கட்டே? எங்கட ரூம் ஏசி இரவிரவாத் தண்ணி சொட்டுது. நான் கீழ் கட்டில், எனக்கு மேல படுக்கிற பிள்ளை குடை பிடிச்சுக்கொண்டு படுக்குது. தங்கிற இடம் பாக்கிற கேம்ப் பாஸுக்குச் சொன்னா நாளைக்கு, நாளைக்கு எண்டுறான்."

"தண்ணி வெளிய போற ட்ரெய்ன் பைப் அடைச்சிருக்கும். வெளிய பைப் முடியுற எடத்துல வாய வச்சு நல்லா ஊதுங்க."

"வாயாலயோ? இந்தச் சம்பளத்துக்கு அதுவும் நானோ?"

"அப்போ மேல படுக்குறவள ஊதச் சொல்லுங்க. நனையுறது அவதானே."

அப்பா என் நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் ஏசியின் படம் வரைந்து, பைப் எங்கே வரும், ஃபில்டரை எப்படிக் கழற்றுவது என்று அம்புக்குறி போட்டுக் கிழித்துக் கொடுத்தார். நான் சுகந்தி அக்காவிடம் வீடியோ காலுக்கு அனுமதி கேட்டேன். அம்மாவின் கதையைச் சொன்னேன். அவர் சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார்.

"வீடியோ எடுக்கக் கூடாது எண்டுதான் போர்ட் போட்டிருக்கு. கதைக்கக் கூடாது எண்டு இல்லை. சத்தம் குறைச்சுக் கதையுங்கோ பிள்ளை."

4.30க்கு அடுப்பின் முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து கால் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அம்மா எடுக்கவில்லை. 4.34, 4.40, 4.47. உடை மாற்றிக்கொண்டிருப்பாள் என்று அப்பா சொன்னார். காத்திருந்த நேரத்தில் உங்களுக்காகக் குறிப்புகள் எழுதினேன், அவை இவைதான்: உள்ளே சாப்பிட எதுவும் கொண்டுபோக முடியாது, தண்ணீர் பாட்டிலும் லாக்கரில்தான். கழிவறை இரண்டாவது கூடத்துக்குப் பின்னால் மட்டும். கூடங்கள் 21 டிகிரியில் இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். ஞாயிறு மாலை துபாய் திரும்பும் பேருந்தில் கூட்டம் அதிகமாம், வரிசையில் அரை மணி நேரம் நிற்கத் தயாராக இருங்கள். வெளியே போனால் அதே டிக்கெட்டில் திரும்ப நுழைய முடியாது. ஐந்து மணிக்குப் பிறகு புது டிக்கெட்டும் கிடையாது.

ஆறாவது குறிப்புக்குப் பிறகு பென்சில் ஓடவில்லை. 4.58க்கும் 5.05க்கும் மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

அம்மா இப்படிச் செய்வது முதல் முறை என்றால் பரவாயில்லை. என் பிறந்தநாளுக்கு ஒருவர் லீவு போட்டதால் அம்மாவுக்கு இரட்டை டியூட்டி. பள்ளியில் பரிசு வாங்கிய அன்று மீட்டிங். ஒவ்வொரு முறையும் "செரி" என்று சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றைப் பற்றி ஒரு மாதமாகப் பேசியிருந்தோம்.

5.12க்கு, அப்பா கழிவறைக்குப் போன நேரத்தில், நான் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அதில் சொன்னது இது: "உனக்கு டியூட்டிதான் முக்கியம். நீ அங்கயே இரு. வீடு கெடச்சாலும் நான் வரமாட்டேன். அப்பா வேணும்னா வரட்டும்." பதினொரு விநாடி.

அப்பா திரும்பி வந்ததும் போகலாம் என்றேன். "இன்னும் கொஞ்சம் பாப்போமே" என்றார். நான் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்துவிட்டேன். வாசலில் சுகந்தி அக்கா, "வெளிய போனா திரும்ப வர ஏலாது பிள்ளை, ஆறு மணி வரைக்கும் இருக்கலாமே" என்றார். அவருக்குப் பதில் சொல்லாமல் போனதும் நான்தான்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தோம். வெயில் சாய்ந்துவிட்டது.

5.31க்கு ஃபோன் அடித்தது. திரையில் அம்மா. சிவந்த மூக்கு, கழுத்து வரை மூடிய ஜாக்கெட், பின்னால் முழு மஞ்சளாக ஒரு மரம்.

"மக்ளே! அடுப்பு எங்க? வெளிய நிக்குக மாதிரி இருக்கு?"

"இப்ப மணி என்னம்மா?"

"ரெண்டரை. இப்பதான் டியூட்டி முடிஞ்சு ஓடி வாறேன். சொன்ன நேரந்தானே?"

"இங்க அஞ்சரை."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ கர்த்தாவே. ராத்திரி கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால வச்சிட்டாங்க மக்ளே. குளிர்காலம் வருகுன்னு இங்க அப்பிடியாக்குமாம். நைட் டியூட்டிக்காரி ஒரு மணி நேரம் கூட நின்னு வேலை பாத்தா, அவ மூஞ்சப் பாத்துதான் நானே கேட்டேன். அதுக்குள்ள ஃபோன லாக்கர்ல வச்சாச்சு. ஒங்களுக்கு எப்பிடிச் சொல்ல?"

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன், ஏனென்றால் இந்தப் பதிவிலேயே மிகவும் பயன்படக்கூடிய விஷயம் இதுதான். இந்தியாவில் மணி என்ன என்று தெரிய நாம் இங்கத்திய நேரத்தோடு ஒன்றரை மணி நேரம் கூட்டுவோம், அது வருடம் முழுக்க மாறாது. இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு, கடிகாரம் என்பது மாறும் என்றே தெரியாது. அம்மா மே மாதம் ஜெர்மனிக்குக் கிளம்பிய அந்த வாரமே, எங்கள் வீட்டு ஹாலில் அப்பா இன்னொரு கடிகாரம் வாங்கி மாட்டி, ஜெர்மனி நேரம் வைத்தார். அது அன்றைக்கும் பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் ஆள் இருப்பவர்கள் அக்டோபர் கடைசி ஞாயிறையும் மார்ச் கடைசி ஞாயிறையும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அக்டோபர் முதல் மூன்று மணி நேரம் வித்தியாசம், மார்ச் முதல் இரண்டு.

நாங்கள் ஓடினோம். நுழைவாயிலில் ஒரு நேபாளிக் காவலாளி கையை நீட்டி, "ஃபினிஷ், ஃபினிஷ், டுமாரோ" என்றார். "டுமாரோ மாஃபி! இன்னைக்கு லாஸ்ட் டே பாய்!" என்று, நாளைக்கு இல்லை என்பதை அரபி கலந்து சொல்லி, அப்பா இரண்டு டிக்கெட்டையும் காட்டினார். அவர் அசையவில்லை. அவர் மேல் தப்பும் இல்லை. நான் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். சுகந்தி அக்கா ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டு இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தார். கையில் ஃபோனைத் தூக்கி அம்மாவைக் காட்டினேன்.

அவர் வந்தார். அம்மாவைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். அப்பா அரை நிமிடத்தில் கடிகாரக் கதையைச் சொன்னார். சுகந்தி அக்கா சட்டைக் காலரில் இருந்த மைக்கில் மேலதிகாரியிடம் ஆங்கிலத்தில் பேசினார். இரண்டு பேர், இன்றைய டிக்கெட், நான் கூடவே நிற்கிறேன், பத்து நிமிடம். முதலில் முடியாது என்று வந்தது. அவர் மறுபடி அதையே, அதே வார்த்தைகளில், இன்னும் மெதுவாகச் சொன்னார். "ஓகே, டென் மினிட்ஸ், கலாஸ்" என்று வந்தது, கலாஸ் என்றால் அதோடு சரி.

"கெதியா வாங்கோ!"

5.41க்கு நான்காவது கூடத்தில் இருந்தோம். வேறு யாரும் இல்லை. கேமராவைத் திருப்பினேன்.

"எம்மா!" என்றாள் அம்மா. "இவ்வளவு பெருசா? அந்த மேடையப் பாத்தா இவ்வளவு இருக்கும்னு தோணலையே."

"ஸ்டெல்லா, யோனாவ முழுங்குன மீனப் பாரு" என்றார் அப்பா அம்மாவிடம், ஒரு டைலைக் காட்டி. "காது வச்சிருக்கான். மீனுக்கு எங்கயாவது காது உண்டுமா?"

"எங்கப்பா வலையில இது கெடந்திருந்தா ஏலத்துல ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான்." அம்மா சிரித்தாள். "மக்ளே, பின்னால காட்டு. இங்க மேடை செவத்த ஒட்டிக் கெடக்கு. இந்த ஊருக்காரங்களே இதுக்குப் பின்பக்கம் பாத்திருக்க மாட்டாங்க."

நான் சுற்றிப் போனேன். வளைவான ஓட்டைக்கு நேரே ஃபோனைப் பிடித்தேன். உள்ளே பழைய கரி, விரலால் தொட்டால் ஒட்டும் போல இருந்தது. தொடவில்லை. அப்பா ஸ்பிளிட் ஏசி கதையை மறுபடி சொன்னார்.

"அப்போ இதுல வெறகு போடுகது ஆரு?" என்றாள் அம்மா.

"அடுக்களைல நிக்குக பொம்பள."

"ரூமுக்குள்ள இருக்குகவங்கள அவளுக்குத் தெரியுமா?"

"நடுவுல செவருல்லா. தெரியாது. சூடு மட்டும் அந்தப் பக்கம் போவும்."

அம்மா அந்த ஓட்டையையே பார்த்தாள். திரை உறைந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவள் பின்னால் ஒரு மஞ்சள் இலை விழுந்தது.

"இன்னும் கிட்டக் காட்டு" என்றாள். காட்டினேன். அவள் மூக்கை உறிஞ்சினாள். அங்கே ஏழு டிகிரி என்றாள்.

சுகந்தி அக்கா பின்னால் வந்து, "பிள்ளை, முடிக்கோணும்" என்று மெதுவாகச் சொன்னார்.

"செரி மக்ளே, நான் டிராம் பிடிக்கேன். நீ என்னவோ வாய்ஸ் போட்டிருக்கியே, போற வழியில கேக்குகேன்."

அழித்திருக்கலாம். ஒரு நொடி வேலை. அம்மா கேட்டிருக்கவே மாட்டாள். அழித்துவிட்டால் அதில் என்ன இருந்தது என்று அம்மா கேட்பாள், நான் வேறு எதையாவது சொல்வேன், அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம் என்று தோன்றியது.

"அதக் கேக்காதம்மா. நீ எடுக்கலன்னு கோவத்துல திட்டியிருக்கேன்."

"என்னன்னு?"

"அங்கயே இருன்னு. வீடு கெடச்சாலும் வரமாட்டேன்னு."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் தெரியும். அம்மா ஜாக்கெட் கையால் முகத்தைத் துடைத்தாள், மூக்கையா கண்ணையா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்ததாக எழுத மாட்டேன்.

"வரமாட்டியா?"

"வருவேன்."

"அப்போ அது கெடக்கட்டும், அழிக்காத. இங்க எல்லாரும் பிட்டே, டாங்கேன்னு மரியாதையாத்தான் பேசுகாங்க. அஞ்சு மாசமா என்ன ஒருத்தரும் திட்டல மக்ளே. திட்டுகதுக்கு எனக்குன்னு இங்க ஆரு இருக்கா?"

நான் ஃபோனை அடுப்பின் பக்கம் திருப்பினேன், என் முகம் தெரியாமல் இருக்க. அம்மா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கடைசிக் கூடத்திலிருந்து ஒவ்வொரு வரிசையாக இருட்டிக்கொண்டு வந்தது. 5.54க்கு எங்கள் கூடத்தின் விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள்.